பாலத்தின் நடுவே

"எருமை மாடு மாதிரி வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது..."

தமிழில்தானே சொல்கிறோம், யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியத்தில் குதிரை மேலிருந்தபடி முணுமுணுத்தாள் யோகராணி. மெல்லிய தூறல். ஓடைப் பாலத்தின் குறுக்கே பலகை அறைந்துகொண்டிருந்த நெடிய உருவம் சுத்தியலை நிறுத்தித் திரும்பியது.

"எருமைக்குத் தமிழ் நல்லாவே தெரியும்ங்க."

ஐயோ!

மழைத்துளி கோத்த இமைகள்... அதற்குள்ளே குறும்புச் சிரிப்பு. அவளுக்குக் காதுமடல்வரை சூடேறியது. 1975இல் சிட்னியில் ஒரு தமிழ் முகத்தைக் காண்பதே அபூர்வம். அதிலும் இப்படி ஒரு முகம்!

அவன் வாசுதேவன். மலேசியாவின் ஈப்போக்காரன்; இங்கே படித்து, நகரசபையில் பொறியாளனாகியிருந்தான். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நர்ஸ். சனிக்கிழமைகளில் செவன் ஹில்ஸ் பக்கத்துப் பூங்காவின் குதிரைப்பாதைத் தொண்டர் குழுவில் ஒருத்தி. பற்றைப் புதர் வெட்டுவதும், வேலி திருத்துவதும், சவாரி பழக வருகிறவர்களை அழைத்துப் போவதும் அந்தக் குழுதான்.

"பலகையெல்லாம் உளுத்துப் போச்சுலா. பாதையை மூடியாச்சு."

"மூடுறதோ? நாங்கள் பாடுபட்டு வெட்டின பாதை! ஒருநாளாவது குதிரையில ஏறியிருந்தா உங்களுக்கு விளங்கும்!"

அவன் முகம் வாடியது. அவள் கவனிக்கவில்லை. குதித்திறங்கி, பாலத்தில் ஏறி, ஓங்கி மிதித்துக் காட்டினாள்.

மடக்!

முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. ஓடிவந்து கைபிடித்துத் தூக்கினான் அவன். 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை... ம்ஹூம், சொல்லவேயில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. நன்றிகூடச் சொல்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வாரம் முழுக்க வார்டில் அதே நினைவு. அந்தக் கையின் சூடு...

அடுத்த சனிக்கிழமை, குழுத் தலைவி டோரத்தி குதூகலமாக வந்தாள். பாலத்தைப் புதிதாகக் கட்ட நகரசபை மரம் தருகிறதாம். வேலை மட்டும் குழுவினுடையது. அதற்கும் உதவ ஓர் இளைஞன் தானாகவே வந்திருக்கிறானாம்.

கையில் சுத்தியலோடு வாசுதேவன்!

வாரங்கள் ஓடின. "ஆணி." "இந்தாங்கோ." இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. குதிரைகள் வந்தால் மட்டும் அவன் பத்தடி தள்ளிப் போவதை அவள் கண்டாள். அப்போதுதான் உறைத்தது... தான் அன்று எந்த இடத்தில் குத்தினோம் என்று.

பாலம் முடிந்தது. "முதல் சவாரி உன்னுடையது!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள் டோரத்தி.

வெளிறிப் போனான். "எனக்குக் குதிரைன்னா பயம்ங்க..."

"நான் பிடிச்சுக்கொண்டு வாறன். ஏறுங்கோ."

ஏறினான். பாலத்தின் நடுவே போனதும், எட்டிய கிளையில் இலை தின்ன நின்றுவிட்டது குதிரை. சடசடவென மழை.

"இதை நகரச் சொல்லுங்க!"

"அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்லவேணும்..." அவள் குரல் தாழ்ந்தது. "அண்டைக்கு நான் பேசினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் பயம் எங்கே போயிற்றோ... குனிந்து அவள் கண்களைப் பார்த்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். இந்தப் பாலம் எப்பவோ முடிஞ்சிருக்கணும். நல்லா இறங்கின ஆணியைக்கூடப் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி அடிச்சேன்."

"ஏனாம்?"

"நீங்க எடுத்துக் கொடுக்கணும்னுதான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ராணி. உங்களுக்கு...?"

அவள் தலை குனிந்தது. மழைநீர் வழிந்த உதடுகள் மெல்ல அசைந்தன.

"ஓம்..."

"என்னாங்க, சாமி கும்பிடுறீங்களா?"

களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"எங்கட ஊரில ஓம் எண்டா... ஆமா எண்டு அர்த்தம்!"