வாகைக்குக் காட்டிய இடம்

1958 மாசியில் பீளமேட்டில் ஒரு பழைய பங்களாவை வாங்கிக் குடிபோனேன். நான் மில் மேனேஜர், பி.எஸ்ஸி. படித்தவன். பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

வாசலில் ஒரே ஒரு வாகை மரம். இலையெல்லாம் கொட்டி, காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கின. காற்றடித்தால் கலகலவென்று ஓயாத சத்தம். ஒரு கிளை படுக்கையறை ஓட்டின் மேல் சாய்ந்திருந்ததால், மரத்தையே எடுத்துவிடலாமென்று மரவெட்டி பொங்கியண்ணனை வரச் சொன்னேன்.

வந்தவன் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? கோடாலியை அடிமரத்தில் சாய்த்து வைத்து, கும்பிட்டுவிட்டு, வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டான்.

"ஏய்யா, விருந்துக்கா வந்தே?"

"இல்லீங்க சாமி. இதுல குடியிருக்கறதுகிட்ட உத்தரவு கேக்கோணுங்க. நான் வெத்தலையைத் துப்புற வரைக்கும் கோடாலி நின்னா, அது போகச் சம்மதமுங்க. உளுந்துபோச்சுன்னா தொடப்படாதுங்க." அவன் சுற்றிலும் பார்த்தான். "அது போறதுக்கு வேற மரம் காட்டோணுமுங்க. இங்க ஒண்ணுமே இல்லீங்களே?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

"மரம் எதுக்கு? இங்க வரச் சொல்லு. சும்மா இருந்துட்டுப் போகட்டும்."

"வேண்டாமுங்க சாமி" என்று கிசுகிசுத்தான். உள்ளேயிருந்து என் மனைவி வெங்கடலட்சுமியும், "ஏனுங்க, வாய வெச்சுட்டுச் சும்மா இருங்க" என்றாள். இரண்டு முட்டாள்களையும் பார்த்துச் சிரித்தேன்.

காற்று நின்றது. நெற்றுச் சத்தமும் நின்றது.

கோடாலி அசையவில்லை.

சாயங்காலத்துக்குள் மரம் வண்டி ஏறிவிட்டது. நான்காம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கலகலவென்று சத்தம். வாசலைப் பார்த்தேன், வெறும் வெயில்.

மூச்சை அடக்கினேன். சத்தம் நின்றது.

விட்டேன். கலகல.

டாக்டர் லட்சுமணசாமி என் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுத்தார். குழாயை உதறிவிட்டு மறுபடி வைத்தார். "சளி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மெட்ராஸுக்குப் போய்ப் படித்து என்ன பிரயோசனம்? பதினைந்தாம் நாள் என்னால் மில் மாடிப்படி ஏற முடியவில்லை. இரண்டு எட்டு வைத்தால் மூச்சு முட்டியது. செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மனைவியின் தொல்லை தாங்காமல்தான் பொங்கியண்ணனைக் கூப்பிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

நடுப்பகலில் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தான். கோடாலிக் காம்பை என் நெஞ்சில் சாய்த்தான்.

"கை படப்படாதுங்க." பிறகு என் நெஞ்சைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிறமாதிரி பேசினான். "வாய்க்கா மேட்டுல வேப்பமரம் இருக்குது. அங்க போயிரு கண்ணு."

வெற்றிலையை மென்றான். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. போ, போ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கோடாலி நின்றது. அவன் துப்புவதற்கு எழுந்தான்.

கோடாலி விழுந்தது.

"என் மூச்சுப் பட்டு விழுந்திருக்கும். இன்னொருக்கா வெய்யி" என்றேன்.

"மறுக்கா வெக்கப்படாதுங்க சாமி. அதுக்கு எடம் புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க." கோடாலியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

போகட்டும், மூடன். சித்திரை பிறந்ததும் சத்தம் தானாக நின்றது. மூச்சும் சீராகிவிட்டது. டாக்டர் தன் மருந்துதான் காரணம் என்று பீற்றிக்கொண்டார். நானும் மில்லில் நாலு பேரைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன்.

இன்று காலை ஒரே ஒரு இருமல் வந்தது. கைக்குட்டையில் ஈரமாக, பச்சையாக, ஒரு வாகைத் தளிர்.

மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். காப்பி கொண்டுவந்த வெங்கடலட்சுமி வாசற்படியில் நின்று காற்றை மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வாகைப்பூ வாசம் வருதுங்களே, எங்கிருந்துங்க?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.