சிவப்புக் கோட்டு

"மீனை இவ்வளவு தடிமனா வெட்டி வெச்சா யார் தின்னறது? இந்த வீட்ல பல்லு இருக்கிறது உனக்கு மட்டும்தானா?"

சமையலறை வாசலில் நின்று லெனோர் கேட்டாள். ஹெனி புகையூட்டிய மீனை எடுத்து மறுபடி மெலிதாக நறுக்கத் தொடங்கினாள். நாத்தனார் வாய் திறந்தால் ஹெனிக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும். மனசு எப்போதோ மரத்துப் போயிருந்தது.

செல்னிக் குடும்ப அறக்கட்டளை யூதர்களின் பெஸாக் பண்டிகைக்கு முன்னால் கூடும் கூட்டம் அன்றைக்கு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இன்னும் பனி உருகவில்லை. யூதப் பள்ளிக்கு எவ்வளவு, முதியோர் இல்லத்துக்கு எவ்வளவு, ஏழைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஹெனி துடைத்து வைத்த சாப்பாட்டு மேசையில்தான் முடிவாகும். ஓட்டு மாமியாருக்கும் செல்னிக் ரத்தத்துக்கும் மட்டும். வாழ வந்த மருமகளுக்குக் காபி ஊற்றும் உரிமை உண்டு. காலஞ்சென்ற மாமனார் போட்ட விதி அது. நல்ல மனிதர், பாவம்... நல்லவர் போட்ட விதியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஹெனி காபியோடு உள்ளே போனாள். மேசையின் தலைப்பக்கத்தில் மாமியார் பெர்ல். தொண்ணூறைத் தாண்டியவள், பாதிக் கண் மூடியிருந்தாள். பக்கத்தில் ஹெனியின் கணவன் மார்வின். லெனோர் சுவரில் தொங்கிய படத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் மாமனார் மேடையில் நிற்கிறார். எதிரே கோட்டு போட்ட ஓர் ஏழைச் சிறுமி. அறக்கட்டளையின் முதல் விருந்தில் எடுத்தது.

"பொண்ணு யாரோ எவளோ! கோட்டு என்னுது! சிவப்புக் கோட்டு. வண்டில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்!"

கூட்டம் தொடங்குமுன் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது அந்த வீட்டு வழக்கம். மார்வின் சிரிக்காமல் கோப்பைக்குள் பார்த்தான். ஹெனி வழக்கம்போல் புன்னகை செய்தாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் வாராவாரம் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பவளும் அவள்தான்.

"சரி, விஷயத்துக்கு வரேன்," என்றாள் லெனோர். "கிழக்குத் தெரு பிள்ளைகள் வீடு. பள்ளிக்கூடம் விட்டா சோறு போட்டு, பாடம் சொல்லிக் குடுத்து, அம்மாக்காரி வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பார்த்துக்கிற இடம். நம்ம பணத்துலதான் அடுப்பு எரியுது. வசந்த விருந்துல ஒரே ஒரு பிள்ளை மேடையேறி நன்றி சொல்லட்டும்னு கேட்டேன். அந்த நிர்வாகியம்மா மாட்டேங்கிறா! யார் குடுத்த தைரியம்? வாராவாரம் அங்கே போய் சூப்பு ஊத்தறாளே, இந்த மகராசிதான் ஓதியிருக்கா!"

"ஆமாம் அண்ணி. நான்தான் சொன்னேன்."

"பார்த்தியாடா மார்வின், உன் பொண்டாட்டி வாயை! எங்கப்பா உப்பைத் தின்னுட்டு எங்க குடும்பப் பேரையே கெடுக்கிறா... மேடை இல்லேன்னா பணமும் இல்லே. கை தூக்குங்க!"

அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்கும். ஹெனி மார்வினைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"அண்ணி, அந்தக் கோட்டோட இடது பாக்கெட் உள்ளே கிழிஞ்சிருந்தது," என்றாள் தட்டையான குரலில். "விரலை விட்டா அடித்துணிக்குள்ள ஒரு எலுமிச்சை மிட்டாய் தட்டுப்படும். எடுக்கவே வராது."

லெனோரின் கை பாதியில் நின்றது. "அது... அது உனக்கெப்படித் தெரியும்?"

"போட்டுக்கிட்டு நின்னது நான்."

லெனோர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தானம் குடுக்க வேண்டிய கோட்டுப் பெட்டி அன்னிக்கு வந்து சேரலே. பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. அதனால உங்க கோட்டைக் கழற்றி என் மேலே மாட்டினாங்க. நன்றி சொல்லுன்னாங்க, சொன்னேன். படம் எடுத்ததும் கழற்றிட்டாங்க. பனியில நானும் அம்மாவும் நடந்தே வீட்டுக்குப் போனோம். அப்புறமா பெட்டி வந்ததும் எனக்கு ஒரு கோட்டு அனுப்பினாங்க... அம்மா வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"மார்வின்! உனக்குத் தெரியுமாடா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னா, அக்கா... அப்பா மனசு உடைஞ்சுடும், அவர் இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு நான்தான்..."

"அப்பா போய் எவ்வளவு காலமாச்சு!"

ஹெனி ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கூடத்துக் கொக்கியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பொத்தான்கூடப் போட வரவில்லை.

"நில்லு!"

பெர்ல் தடியை ஊன்றி வந்துகொண்டிருந்தாள். மருமகளின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் துளைக்குள் தள்ளினாள்.

"அன்னிக்கு அவுத்தது இந்தக் கைதான்டி... வண்டியில என் பொண்ணு குளிர்ல அழறாளேன்னு அவசர அவசரமா அவுத்தேன். எதிர்ல இன்னொருத்தி பெத்த பொண்ணு நிக்கிறது என் கண்ணுக்கே தெரியலியே..."

"விடுங்க அத்தை."

"விட மாட்டேன். வெளியே போகாதே. இதைப் போட்டுக்கிட்டே உள்ளே வந்து உக்காரு. இனி யாரும் கழற்றச் சொல்ல மாட்டாங்க."

மார்வின் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அடுப்பு எரியும் வீட்டுக்குள் கோட்டோடு ஹெனி உட்கார்ந்தாள். லெனோர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, முகம் தெரியாமல் சுவரோரம் திருப்பி வைத்தாள். திரும்பி வந்து மேசையருகில் நின்றாள்.

"பிள்ளைகள் வீட்டுக்குப் பணம் போகும். மேடை கிடையாது, படமும் கிடையாது. சம்மதிக்கிறவங்க..."

மூன்று கைகள் உயர்ந்தன. லெனோர் கையை இறக்காமல் காத்திருந்தாள்.

"ஹெனி... நீ?"

ஹெனியின் கையும் எழுந்தது. லெனோர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னடி இப்படி ஜில்லுனு இருக்கே!"

அப்போதுதான் ஹெனிக்கு அழுகை வந்தது.