பெட்டி சொன்ன நேரம்

"மூடி திறந்தது. மாலை 6:40" என்று உதயாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தபோது, வந்தவர்கள் இன்னும் மதியச் சோறுகூடத் தின்று முடிக்கவில்லை.

செய்தியை அனுப்பியது அவளுக்கு எதிரே கூடத்தில் வைத்திருந்த வாடகை ஃப்ரீசர் பெட்டி; எடுத்தவர் எண்ணுக்கு அது தானாகச் செய்தி அனுப்பும். அதற்குள் அவளுடைய நைனா சின்னசாமி கிடந்தார். மூடி திறக்கவில்லை. நேற்று ராத்திரி போட்ட சாமந்தி மாலை மூடிக்குக் குறுக்கே, ஒரு இதழ் நகராமல் அப்படியே இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்து, நைனாவின் நெற்றி மட்டும், அதுவும் திருநீறு பூசிய இடம் மட்டும், மங்கலாகத் தெரிந்தது.

வெளியே மழை. நேற்றிலிருந்து நகரியின் அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. சாவு விழுந்த தெருவில் ஓட்டமாட்டார்கள். பிறந்ததிலிருந்து சுவர் அதிர அதிரவே வளர்ந்தவளுக்கு இந்த அமைதி காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. அந்த அமைதிக்குள் பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமும், நிற்கும், மறுபடியும் உறுமும். ஊதுபத்திப் புகையும், ஈரச் சாமந்தி அழுகத் தொடங்கும் வாசனையும், யாரோ கொண்டுவந்து மூடி வைத்த சாம்பாரின் வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

பெட்டியைப் புத்தூரிலிருந்து கொண்டுவந்து இறக்கிய துலுக்காணம் வாசல் கூரைக்குக் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உதயா செய்தியைக் காட்டினாள்.

"அது கெடக்குதும்மா," என்றார். "ஒரு வாரமா எல்லாப் பொட்டியும் இப்டித்தான் மணியத் தப்புத் தப்பா சொல்லிக்கினு கீது. எவனோ கம்ப்யூட்டர்ல கைய வச்சுட்டான். அவன் கையில கட்ட மொளைக்க."

எவனோ இல்லை. உதயாதான்.

திருப்பதியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய, மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன லைப்ரரியைப் பல பேருக்கு விற்கிறது. நேரத்தை ஒரு நாட்டுக் கணக்கிலிருந்து இன்னொரு நாட்டுக் கணக்குக்கு மாற்றித் தருவதுதான் அதன் வேலை. அதை எழுதியவள் அவள். புதிய ரூபிக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போன வாரம்தான் வெளியிட்டார்கள். பெட்டிக்காரர்களின் சர்வரில் ஓடுவதோ பழைய ரூபி. பெட்டிகள் உலகப் பொது நேரத்தை அனுப்பும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம். பழைய ரூபி தானே ஒருமுறை கூட்டிவிட்டு, இவள் எழுதியதையும் கேட்டு இன்னொருமுறை கூட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் மதியத்தில் நடப்பதைச் சாயங்காலம் என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால், மதியம் யாரோ மூடியைத் திறந்திருக்க வேண்டும். யாரும் திறக்கவில்லை.

கைப்பேசி அடித்தது. ஆபீஸிலிருந்து சுனில்.

"உதயா, சாரிம்மா, ரொம்ப சாரி. நைனா விஷயம் தெலுசு. ஆனா புத்தூர் கஸ்டமர் காலைலேருந்து போன் மேல போன். அந்த ப்ரோக்ராம் கோடு உனக்கு மட்டும்தான தெரியும்? ஒரு ஒன் அவர். அப்புறம் உன்ன யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம், ப்ராமிஸ்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? நைனாவும் அப்படித்தான். காய்ச்சலோடு தறிக்குப் போனார், போன இடத்தில் விழுந்தார். வேலை கொடுத்தவனுக்கு நம் வீட்டுச் சாவு, அவன் போட்ட கணக்கில் விழும் ஒரு தடங்கல், அவ்வளவே. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாரு செல்லியம்மா," அம்மா ருக்மணி மூலையிலிருந்து சொன்னாள். "பெத்த அப்பன் பக்கத்துல குந்திக்கினு பொட்டி தட்டறா."

"அந்தப் பொட்டில இருக்கறவர உட்டுட்டு இந்தப் பொட்டிய உத்து உத்துப் பாக்குது," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லியம்மா. இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் அப்படிச் சிரிக்கலாம்.

அண்ணன் எழிலரசன் குவைத்திலிருந்து கிளம்பிவிட்டான். அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டியே. சென்னையில் இறங்கி, கார் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வந்துவிடுவான்.

திருத்தம் பெரிதாக இல்லை. எந்த ரூபியில் ஓடுகிறோம் என்று முதலில் பார்க்கச் சொன்னாள். பழையதாக இருந்தால் இரண்டாம் முறை கூட்டாதே என்று எழுதினாள். சோதித்தாள். சுனிலுக்கு அனுப்பினாள். அவன் சர்வரில் ஏற்றினான். இந்த வாரத்துச் செய்திகளை எல்லாம் மறுபடியும் ஓட்டி, நேரத்தைச் சரி செய்தார்கள். திரையில் வரி வரியாக எல்லாம் பின்னால் நகர்ந்து, நடந்த நேரத்தில் போய் உட்கார்ந்தன.

நைனாவின் பெட்டியையும் பார்த்தாள். முதுகுக்குக் கீழே இருக்கிற தகடு சூட்டை அளந்து அனுப்பும். நேற்று ராத்திரி நைனாவை உள்ளே வைத்தபோது எண் சட்டென்று ஏறியிருந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, படி இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. ஓர் உடம்பு ஆறுவது அப்படித்தான் இருக்கும் போல. அதற்கு மேல் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கடைசி வரியைப் பார்த்தாள்.

மூடி திறந்தது. மாலை 6:40.

அது மட்டும் நகரவில்லை.

பெட்டி அனுப்பிய மூலச் செய்தியைத் திறந்தாள். மற்றவை எல்லாம் உலக நேரத்தில் வந்திருந்தன. இது மட்டும் இந்திய நேரம் என்ற குறிப்போடு வந்திருந்தது. அப்படி அனுப்ப அந்தப் பெட்டிக்குத் தெரியாது. குறிப்போடு வருவதை அவளுடைய லைப்ரரி தொடாது, அப்படியே காட்டும். அப்படியானால் இதில் பிழையே இல்லை. 6:40 என்றால் 6:40தான். இன்னும் வராத 6:40.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே, இன்னும் வராத நேரத்தோடு, புதிய வரிகள் வந்தன. மூடி மூடப்பட்டது. பிறகு தகட்டின் சூடு. எண் சட்டென்று ஏறியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, படி இறங்குகிற மாதிரி இறங்கியது.

இன்னொரு உடம்பு.

மோட்டார் நின்றது. அந்த அமைதியில் பெட்டிக்குள்ளிருந்து துணி உரசுகிற சத்தம் வந்தது. பாயில் ஒருவர் புரண்டு படுப்பது போல. ஒரே ஒருமுறை. ஐஸ் சரிந்திருக்கும் என்று நினைத்தாள். மோட்டார் பெட்டியில் ஐஸ்கட்டி வைப்பதில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

யார்?

அம்மாவைப் பார்த்தாள். சர்க்கரை வியாதிக்காரி. நேற்றிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கிடந்தாள். உதயா எழுந்து ஓடிப்போய் இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள்.

"தின்னும்மா."

"எனக்கு எறங்கல."

"தின்னு! நீ தின்னலேன்னா நா இங்கயே கத்துவேன்."

அம்மா பயந்துபோய்த் தின்றாள். அடுத்து அண்ணனுக்குப் போன் போட்டாள். திருத்தணி தாண்டிவிட்டானாம். "டிரைவர மெதுவா ஓட்டச் சொல்லு" என்றாள். "சாவுக்கு வர்றவன மெதுவா வான்னு சொல்றவ நீ ஒருத்திதான்" என்று வைத்துவிட்டான்.

பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. மூடி திறந்தால்தானே யாரையும் உள்ளே வைக்க முடியும்? அந்த நேரம் கடக்கும்வரை திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பெட்டியின் மூடிமேல் கையை வைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியின் குளிர் உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. கையை எடுக்கவில்லை.

மழை இருட்டோடு சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. அண்ணன் உயிரோடு, முழுசாக, வாசலில் வந்து இறங்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. எல்லாரும் அது நைனாவுக்கான அழுகை என்று நினைத்தார்கள்.

எழிலரசன் செருப்பை உதறிவிட்டு நேரே பெட்டியிடம் வந்தான். "ஒண்ணுமே தெரிலயே. தொற."

"கொஞ்ச நேரம் பொறுண்ணா. ஏழு மணிக்குத் தொறக்கலாம்."

"இன்னாது?"

"ஏழு மணிக்கு."

"கடல் தாண்டி வந்துகீறேன். எங்கப்பன் மூஞ்சியப் பாக்க நீ டைம் போட்டுக் குடுக்கறியா? இது இன்னா உங்க ஆபீசா?"

"அண்ணா, சொன்னாக் கேளு. தொறந்தா யாருக்கோ ஏதோ ஆவும்."

கூடம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. செல்லியம்மா மெதுவாகச் சொன்னாள்: "நேத்துலேருந்து தூங்கல பாவம். புத்தி கலங்கிடுச்சி."

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மோட்டார் ஒரு முனகலோடு அடங்கியது. இருட்டு. மழை. யாரோ கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். துலுக்காணம் உள்ளே வந்தார். "கரண்ட் வர லேட்டாவும். உள்ள வேர்த்துடும்மா. மூடியத் தொறந்து தொடச்சு வுடணும். தள்ளு."

அவள் மூடிமேல் கவிழ்ந்து படுத்தாள்.

இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்தார். சாமந்தி மாலை அறுந்து தரையில் சிதறியது. கண்ணாடியில் அவள் விரல்கள் கீச்சென்று வழுக்கின. பின்னால் இழுத்துவந்து விட்டார்கள். இருட்டில் தடவி அம்மாவின் கையைக் கண்டுபிடித்தாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா இங்கேதான் இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். கை வெதுவெதுப்பாக இருக்கிறது. விடக்கூடாது. என்ன ஆனாலும் விடக்கூடாது.

மணி என்ன என்று அவள் பார்க்கவில்லை.

எழிலரசன் மூடியைத் தூக்கினான்.

குளிர்ந்த வெண்புகை விளிம்பு தாண்டி வழிந்து தரையில் இறங்கியது. விளக்குகள் உள்ளே திரும்பின.

நைனா நடுவில் இல்லை.

பெட்டியின் இடது ஓரத்தோடு ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் இந்தப் பக்கம். தாடைக்குக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. மார்பில் கோத்துக் கட்டிய கைகளில் ஒன்று பிரிந்திருந்தது. அந்தக் கை, வலப்பக்கம் காலியாகிக் கிடந்த பாதி இடத்தின் குறுக்கே நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. பிள்ளையின் தலைக்கு வைக்கிற மாதிரி. அந்தப் பாதியில் வெள்ளைத்துணி ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி விட்டிருந்தது.

ஒருவர் படுக்கப் போதுமான இடம்.

"யாரு..." என்றான் எழிலரசன். "யாரு இவர இப்டி நவுத்திப் படுக்க வச்சது?"

விளக்குகள் அந்தக் கைமேல் வந்து நின்றன.

விரல்கள் மடங்கின.

விரிந்தன.

மடங்கின.

செல்லியம்மா பின்னால் நகர்ந்தாள். துலுக்காணம் நகர்ந்தார். சுவர்வரைக்கும் எல்லாரும் போய் ஒட்டிக்கொண்டார்கள். உதயாவின் பிடியிலிருந்து ஒரு கை தன்னைத் திருகி விடுவித்துக்கொண்டது. அம்மாவும் சுவருக்குப் போய்விட்டாள். உதயா தன் கால்களைப் பின்னால் நகரச் சொன்னாள். அவை நகர்ந்தன. முன்னால்.

எழிலரசன் மூடியை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தான்.

மூடி விழவில்லை. பிடிக்க ஆளில்லாமல், திறந்தபடியே நின்றது.