மேல்பாறையில் கத்திய மான்

வன்னி மண்ணுக்கு இயற்கை அன்னை அருளிய அழியாச் செல்வம் இச்சரணாலயம் என்று வாசல் பலகை சொன்னது. அந்தச் செல்வத்தில் அருவிகள் இரண்டு. ஒன்று மார்கழியில் விழும். மற்றது விருந்தினர் வரும் நாளில், மேலே குளத்துத் துருசுக் கதவைத் திறந்து தண்ணீர் விட்டால் விழும். மிருகங்கள் திறப்புவிழாவில் கொளுத்திய வெடிக்கு ஓடியவை, திரும்பவில்லை. ஆகவே பொறுப்பதிகாரி ஆண்டியப்பனையும் ராசுவையும் மான்களாக நியமித்தார்.

இருவரும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்திலிருந்து ஒரே லொறியில் மாங்குளம் வந்து இறங்கியவர்கள். கீழே புதருக்குள்ளிருந்து ஆண்டியப்பன் மான்போல மூன்று தரம் கத்த, மேல்பாறையிலிருந்து ராசு மூன்று தரம் பதில் கொடுப்பான். இந்த மாதமும் பிசகாமல் கத்தினால் ஆளுக்கொரு காணித்துண்டு என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் ராசு இடம் மாறக் கேட்டான்.

"காலு ஏற மாட்டேங்குது மச்சான். இன்னைக்கு நீ மேல போ." முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

மேல்பாறையில் பாசியும் அழுகிய பாலைப்பழமும் கலந்த புளித்த வாடை. அருவியின் இரைச்சல் பாறைக்குள்ளால் ஏறி, குந்தியிருந்த ஆண்டியப்பனின் பாதங்களில் அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே ராசு மூன்று தரம் கத்தினான். ஆண்டியப்பன் மூன்று தரம் பதில் கொடுத்தான்.

நாலாவது கத்தல் கேட்டது.

ராசுவுக்கு எண்ணத் தெரியும்.

துருசை மூடிவிட்டார்கள் போலும், அருவி மெலிந்து சொட்டாகி நின்றது. அந்த அமைதியில் மறுபடியும் கத்தல். கீழேயிருந்தல்ல. பாறையின் பாதி உயரத்திலிருந்து.

எட்டிப் பார்த்தான். விருந்தினர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏற மாட்டாத காலோடு ராசு பின்பக்கம் தாவி ஏறி உட்கார்ந்தான்.

போன வெள்ளிக்கிழமை ராசு இங்கிருந்து இறங்கி வந்து இரண்டு நாள் பேசவில்லை. தடிமன், தொண்டை அடைத்துவிட்டது என்றான். இங்கே ஏதோ இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கிழமையாகத் தெரிந்திருக்கிறது.

பின்னால் சருகு நொறுங்கியது. நனைந்த மயிர் நாற்றம். பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

"இன்னொருக்காக் கத்து மச்சான்," என்றது காதோரம். ராசுவின் குரல்.

ராசு ஜீப்பில் இருந்தான்.

ஆண்டியப்பன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். வாயிலிருந்து மான்தான் கத்தியது. தோளில் ஏதோ ஏறியது. விரல்கள் நீளம். மேலும் மேலும் நீளம். மறுபடி கத்தினான். மான்.

ஜீப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ராசுவும் தட்டினான்.