மஞ்சள் கண்ணில் ஒரு கொலைகாரி!

"ஐயோ... கொல்றா! என் பொண்டாட்டி என்னைக் கொல்றா!"

வார்டே அதிர்ந்தது.

அலறியவர் மருதப்பன். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை. இன்று அவர் கண்களே இருபத்திரண்டு கேரட்டில் ஜொலித்தன...

மஞ்சள் காமாலை!

"காப்பி ரெண்டு மாசமா கசக்குது டாக்டர்! விஷம் லா!"

வாசலில் நின்ற மனைவி சரஸ்வதி சீறினாள்.

"வெந்தயத்தூள்! ஈரல்ல கொழுப்பு, சீனியைக் குறைங்கன்னு இவங்கதானே சொன்னாங்க!"

ஈரல் நிபுணர் டாக்டர் லொரைன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சொன்னது அவள்தான்!

"காப்பியைச் சோதிச்ச லேப்லயும் வெந்தயம்னுதான் சொல்றாங்க," என்றார் மருதப்பனின் புகாரை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ராஜீவ்.

ஆனால் லொரைனை உறுத்தியது வேறு விஷயம். மருதப்பன் ஆஸ்பத்திரிக் கஞ்சிதான் குடிக்கிறார். சரஸ்வதியைக் கிட்டவே விடவில்லை.

அப்படியும் ரத்தப் பரிசோதனை எண்கள் ஏறுகின்றன!

அப்படியானால்... விஷம் வார்டுக்குள்ளேயே இருக்கிறது!

"இப்படியே போனா வேற ஈரல்தான் வெக்கணும் அங்கிள்," என்றாள் லொரைன்.

"என்னோடதுல பாதி எடுத்துக்குங்க," என்றாள் சரஸ்வதி பட்டென்று.

"வேணாம்! அதுலயும் எதையாவது கலந்திருப்பா!"

லொரைன் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேற மருந்து ஏதும் சாப்பிடறீங்களா?"

"சத்தியமா இல்ல!"

இந்தச் சத்தியத்தை அவள் தினமும் கேட்கிறவள். தேக்கா சந்தையில் பேரம் பேசி மீன் வாங்கி வளர்ந்தவளும்கூட. வியாபாரியிடம் உண்மையைக் கேட்கக் கூடாது... சரக்கைப் புகழ வேண்டும்!

"ஆச்சரியமா இருக்கு அங்கிள். இவ்ளோ விஷத்துக்கும் தாக்குப்பிடிக்கிறீங்க. யாரோ கெட்டிக்காரர் உங்களைக் காப்பாத்திட்டு இருக்காரு..."

மருதப்பனின் மஞ்சள் முகம் மலர்ந்தது.

"நான்தான்! வெளிய சொல்லாதீங்க..."

தலையணைக்கடியிலிருந்து ஒரு டப்பா வந்தது.

"விஷமுறிவு சூரணம்! ஃபேஸ்புக்ல பிடிச்சேன். மூணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ! அதையும் அடிச்சுப் பேசி பாதி விலைக்கு முடிச்சேன். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன்!"

"மருந்தே இல்லைன்னீங்க?"

"இது மருந்தா? மூலிகை லா!"

டப்பா லேபுக்குப் பறந்தது. பதில் வந்தது.

ஈயம்... பாதரசம்... பெயர் தெரியாத ஏதோ ஒரு வேர்!

தூள் நின்றது. எண்கள் இறங்கின. கண்ணில் வெள்ளை எட்டிப் பார்த்தது. ஈரல் பிழைத்துக்கொண்டது!

ராஜீவ் தலையைச் சொறிந்தார்.

"டப்பா வித்தவனைத் தேடுறோம். ஆனா இந்தக் கேஸ்ல விஷம் தின்னதும் இவரு, தின்ன வெச்சதும் இவரு, புகார் குடுத்ததும் இவரு! யாரை மேடம் அரெஸ்ட் பண்றது?"

சரஸ்வதி ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். காப்பியை ஊற்றி நீட்டினாள். மருதப்பன் பூனைபோல வாங்கிக்கொண்டார்.

"ஏங்க... அந்த ஃப்ரீ டப்பா எங்க?"

"கடை லாக்கர்ல... ஏன்மா?"

"பத்திரமா இருக்கட்டும். இனிமே ஒரு தடவை காப்பி கசக்குதுன்னு சொல்லுங்க... உங்க புகாரை நான் பொய்யாக்க மாட்டேன்!"