யாரும் பிடிக்காத நண்டு

ரசத்தில் கிடந்த முடி வெள்ளையாக இருந்தது.

சுகந்தி அதைக் கரண்டியால் ஒதுக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு முழம் இருக்கும். அவளுக்கு இன்னும் ஒரு நரைகூட விழவில்லை. மகள் ஜெயப்பிரியாவுக்குப் போன மாதம்தான் குலசாமி கோயிலில் மொட்டை போட்டிருந்தது. கடலாடிப் பக்கம் ஜேசிபி ஓட்டப் போயிருக்கும் வீட்டுக்காரன் தர்மராஜுக்கோ எப்போதும் ஒட்ட வெட்டிய தலை. வேறு ஆள் இந்த வீட்டில் கிடையாது. மிளகோடு வந்திருக்கும் என்று மளிகைக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே முடியை வாசலில் உதறினாள். அது போகவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது, சேலையில் துடைத்தால் சேலையில் ஒட்டிக்கொண்டது, வழவழவென்று பாசி மாதிரி. சீ என்று வந்தது அவளுக்கு.

அதற்குள் பிள்ளை இரண்டு கிண்ணம் குடித்து முடித்திருந்தாள்.

சுகந்தி இந்தக் கடற்கரைக்குக் குடிவந்து சில மாதம்தான். பிறந்து வளர்ந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில், கண்மாய்ப் பாசனத்து ஊரில். அங்கே பிள்ளைக்கு நெஞ்சுச்சளி என்றால் வரப்பு வளையில் கைவிட்டு நாலு வயல் நண்டைப் பிடித்து, மிளகு சீரகம் பூண்டோடு இடித்து ரசம் வைப்பார்கள். வரப்பு நண்டை எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பழக்கத்தில்தான் மத்தியானம் வாளியோடு முகத்துவாரத்துக்குப் போனாள். பாலத்துக்குக் கீழே, ஆறு கடலோடு சேருகிற சேற்றில், உள்ளங்கை அகல நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆளைக் கண்டும் ஓடவில்லை. விருந்து சாப்பிட்டு எழுந்திருக்க முடியாதவர்களைப் போல காலை மட்டும் மெதுவாக ஆட்டின. கரையில் ஒரு ஆள் இல்லை, ஒரு வலை இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நண்டு சலித்துவிட்டது போலும் என்று அவளும் வாளி நிறைய அள்ளி வந்தாள்.

இடிக்கும்போதே வாடை சரியில்லை. ஓட்டுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் கூழாக எதுவோ வழிந்தது. அந்த வாடை சேற்று வாடையும் இல்லை, மீன் கவிச்சியும் இல்லை, ஈரத்துணியைச் சுருட்டிப் போட்டு நாள்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அதோடு கொஞ்சம் தித்திப்பும் கலந்து தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கூட ஒரு கை மிளகு போட்டு அமுக்கிவிட்டாள். பிள்ளையின் இருமல் நின்றால் போதும் என்றிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், வாங்கிப்போன தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க பக்கத்து வீட்டு அம்ரீன் வந்தாள். வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா வாடை இது?"

"நண்டு ரசம், அம்ரீன். பாலத்தடியில எம்புட்டுக் கெடக்குது தெரியுமா? பாப்பா சளிக்காக அள்ளியாந்தேன்."

அம்ரீனின் கையிலிருந்த தூக்குச்சட்டி கீழே விழுந்தது.

"யா அல்லா! உங்ககிட்ட யாருமே சொல்லலையாக்கா? காலனிப் பூமயிலம்மா கையால எறா தடவிப் புடிக்கப் போன எடத்துல சேத்துல முங்கிட்டாக. இன்னும் மையத்து கெடைக்கல. கெடைக்கிற வரைக்கும் இந்தத் தண்ணியில எறாவோ நண்டோ ஒருத்தரும் தொட மாட்டோம். எங்க ஆளுகளும் தொட மாட்டாக, காலனி ஆளுகளும் தொட மாட்டாக."

"எந்தப் பூமயில்?"

"வெள்ள வெளேர்னு நீளமா முடி இருக்குமே, அவுகதான்."

சுகந்தி விரலைப் பார்த்தாள். கையைச் சேலையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

ஜெயப்பிரியா சுவரைப் பார்த்துப் பாயில் படுத்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது, எதையோ மெல்லுகிற மாதிரி. பிறகு பேசினாள். பிள்ளையின் குரல்தான்; ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது.

"தர்கா மினராவும் ஒத்தப் பனையும் ஒண்ணா நிக்கிது. இந்தப் பக்கம் உப்பு மூட்டை அடுக்குற இடிஞ்ச கிட்டங்கி. பாலத்துத் தூணெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையிது. இங்கனதான் கெடக்கேன்."

வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை. அம்ரீன் பின்னாலேயே உள்ளே வந்திருந்தாள்.

"இது கரையில நின்னாத் தெரியாதுக்கா. தண்ணிக்குள்ள போனாத்தான் மினராவும் பனையும் ஒண்ணு சேரும். எங்க வீட்டுக்காரக வலை போட்ட எடத்த இப்படித்தான் அடையாளம் வச்சுக்கிருவாக."

அவளே புருஷன் சதக்கத்துல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் நாலு பேரோடு வல்லத்தைத் தண்ணீரில் இறக்கித் தேடப் போனான். "எடுத்து அடக்கம் பண்ணிட்டாப் பிள்ளைய விட்டுரும்க்கா, பயப்படாதீக. நான் போயி ஓதிப் பாக்க லெப்பையக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு அம்ரீன் ஓடினாள். விட்டுவிடும் என்ற அந்த ஒரு சொல்லைச் சுகந்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீடு இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் மிச்ச நண்டுகள் கிடந்த பிளாஸ்டிக் வாளியில் கால்கள் சுரண்டும் சத்தம் விடாமல் கேட்டது. சரக், சரக் என்று, அவசரமே இல்லாமல். பிள்ளை முனகும்போதெல்லாம் அது நின்றது. முனகல் நின்றதும் மறுபடி தொடங்கியது. கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் சனியன்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

போன் அடித்தது. சதக்கத்துல்லா.

"அக்கா, கெடைச்சிருச்சு. பாப்பா சொன்ன அதே எடம்."

சுகந்தி அழுதேவிட்டாள். "நல்லது தம்பி. நல்லது."

"ஆனா அக்கா..." அவன் குரலைத் தாழ்த்தினான். "தலையில ஒத்த முடி இல்லக்கா. மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு."

பின்னால் பிள்ளை ஓங்கரித்தாள்.

போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். ஜெயப்பிரியா உட்கார்ந்திருந்தாள். வாய் பிளந்திருந்தது. அந்த வாடை. நாக்குக்கடியில் வெள்ளையாக ஏதோ. சுகந்தி விரலை விட்டுப் பிடித்தாள். முடி.

இழுத்தாள். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். கொத்தாக, ஈரமாக, சேறு அப்பி. கையில் சுற்றினாள். மறுபடி இழுத்தாள். பிள்ளையின் கண்கள் அவளையே பார்த்தன. அவளுடைய பிள்ளையின் கண்கள்தான். பயந்து போயிருந்தன. நீர் வழிந்தது.

"இந்தா முடிஞ்சிரும் தங்கம். இன்னும் கொஞ்சந்தேன்."

முடியவில்லை. மடியெல்லாம் முடி. முழங்கை வரைக்கும் முடி.

வாளியில் சுரண்டல் நின்றது.

கையில் சுற்றியிருந்தது இறுகியது. சுகந்தி இழுக்கவில்லை. பிள்ளையின் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ இழுத்தது. மெதுவாக. ஒரு முழம் உள்ளே போனது. இன்னொரு முழம்.

அவள் விரல்கள் பிள்ளையின் பல்லைத் தாண்டின.