கோதா தூங்கும் நேரம்

மூன்று மணிக்கு கோதா எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தெரு ஸ்கூலில் மணி அடித்தால் போதும், நாலு வயதுக் குழந்தை பாயில் உருண்டு எழுந்து வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். அன்று மணி அடித்து ஓய்ந்தது. மூடிய ஜன்னலுக்குள் வெயில் வாசனையும் கடகடக்கும் ஃபேனும் மட்டும் மிஞ்சின. ராம்ப்ரசாத்துக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்பாடா என்றுதான் இருந்தது.

பாவம், அவனுக்குக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம். நாலரைக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே லாட்ஜில் டியூட்டி. மனைவி ஸுப்ரஜா டீச்சர், நாலு மணிக்கு வருவாள். நடுவில் குழந்தை தூங்கும் நேரம்தான் அவனுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாக எழுதி இலவசமாக விட்ட 'திதி' ஆப் இன்று நாலு லட்சம் பேர் போனில் இருந்தது. இறந்தவரின் பெயரையும் நாளையும் கொடுத்தால், அவருடைய திதி இந்த வருஷம் எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்லும். மாளய பட்சத்துக்குள் அதை அடியிலிருந்து திருப்பி எழுதாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று ஆப் ஸ்டோரிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. போனால் போகட்டும் என்று விடுகிற ஆளா அவன்? அதுதான் அவன் பெற்ற மூத்த பிள்ளை.

மறுநாள் கோதா மூன்றரை வரை தூங்கினாள். அதற்கு மறுநாள் நாலு. ஸுப்ரஜா வந்ததும் குழந்தையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏன்னா, இன்னுமா தூங்கறா? உடம்பு சில்லுனு இருக்கே."

"ஆட்டம் போட்டிருப்பா. தூங்கட்டும் விடு."

அந்த 'விடு' அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அமாவாசைக் கணக்கு முழுவதையும் எழுதி முடித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை, குப்பம் டவுனிலிருந்து பழனி என்று ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "சார், எங்க திதி லிஸ்ட்ல கோதான்னு ஒரு பேரு வந்துக்கினே கீது. எங்க வூட்ல அப்படி யாரும் சாவலையே. யாரு சார் அது?" சூளூர்பேட்டையிலிருந்து ஒருவர் அதையே கேட்டிருந்தார். நகரியிலிருந்து மூன்று பேர்.

அவன் தன் போனைத் திறந்தான். இறந்துபோன அப்பா வேதாந்தத்தின் பெயர். அதற்குக் கீழே கோதா. திதி, நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

போன ஞாயிறு புது ஃபாரத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. கோதா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் அந்தப் பெயரையே அடித்துவிட்டது. டெஸ்ட்தானே என்று நினைத்தான், பாவி. ஆனால் அந்தப் புது ஆப் அவன் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை. குப்பத்துக்கு எப்படிப் போனது?

பெயரை எடுக்கப் பார்த்தான். எடுக்க வழி இல்லை. நீக்குவதற்கென்று ஒரு பட்டனை அவன் வைத்ததே கிடையாது, ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதும் கிடையாது. செத்தவர் பெயரை எடு என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? ஆப்பையே அழித்துவிட்டு மறுபடி போட்டான். கோதா மறுபடி வந்தாள்.

சனிக்கிழமை அவன் டியூட்டிக்கு லீவு போட்டான்; மாலை ஐந்தரைக்குத்தான் குழந்தை கண் விழித்தது. ஒரு வாய் பால் குடித்துவிட்டுச் சுருண்டுகொண்டது. க்ளினிக் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துக்கொண்டே, "ஏமீ லேதண்டி, நித்ரபோனிவ்வண்டி," என்றார். ஒன்றுமில்லையாம், தூங்க விடச் சொன்னார். ஸுப்ரஜா அவனைப் பார்த்தாள். அவன் ஆப் விஷயத்தைச் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

ஞாயிறு. மூன்று மணி. மூச்சு மெலிந்துகொண்டே வந்தது. உதடு வெளுத்திருந்தது.

"நான் ஓடிப்போய் ஆட்டோ அழைச்சுண்டு வரேன். நீங்க அவளைத் தூக்கிண்டு ரெடியா இருங்கோ," என்று ஸுப்ரஜா செருப்புகூடச் சரியாக மாட்டாமல் இறங்கினாள்.

அவன் தூக்கவில்லை. லேப்டாப்பைப் பாய்க்கு இழுத்தான். ஒரு கை குழந்தையின் நெஞ்சில். ஒரு கையால் அந்த நீக்கும் பட்டனுக்கான வரிகளை டைப் அடித்தான். பத்து வரி போதும். பத்தே வரி. பெருமாளே, பத்து வரி. வியர்வை கண்ணில் வழிந்தது. எழுத்து தப்பியது. அழித்தான். அடித்தான். ஃபேன் நின்றது. கரண்ட் இல்லை. கைக்கடியில் நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறியது.

இறங்கவில்லை.

பட்டனை அழுத்தினான்.

திரையில் பெயர் போயிற்று. போனிலும் போயிற்று.

கோதா கண்ணைத் திறந்தாள்.

வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். குழந்தை கனத்தாள். அந்தச் சில்லிப்பு போகவில்லை. போகும், வெயிலில் வைத்தால் போகும் என்று முதுகைத் தேய்த்தான்.

"பசிக்கறதுப்பா."

பாயில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினான். தயிர் சாதம் பிசைந்தான், பாதி சிந்தியது. வந்து வாய்க்கருகில் உருண்டையை நீட்டினான். அவள் வாயைத் திறக்கவில்லை. சாதத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டு கையையும் குவித்து அவன் முன்னால் நீட்டினாள்.

"தண்ணி வேணுமாடா கண்ணா?"

சொம்பை எடுத்துக் குவித்த கையில் ஊற்றினான். தண்ணீர் உள்ளங்கைக்குள் இறங்கியது. ஒரு சொட்டும் வழியவில்லை. நிறையவும் இல்லை. சொம்பு காலியாயிற்று. பாய் காய்ந்தே இருந்தது.

கீழே ஆட்டோ வந்து நின்றது. படியில் ஸுப்ரஜாவின் ஓட்டம். "எழுந்துட்டாளா? ஏன்னா, எழுந்துட்டாளா?"

கோதா இமைக்கவே இல்லை. குவித்த கை அப்படியே இருந்தது.

"எள்ளு போட மறந்துட்டியேப்பா," என்றாள்.